கேள்வி – பதில்: லைசியம் அரங்கின் கடிதக் கட்டுகள்

விக்டோரியா காலத்து லண்டன் மேடையின் பெரும் நடிகரும் லைசியம் அரங்கின் முதலாளியுமான ஹென்றி இர்விங்கைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அவருக்கு வந்த கடிதங்களையும் அவர் பெயரில் போன கடிதங்களையும் பற்றி அக்கட்டுரையில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. வாசகர்களின் கேள்விகளோ பெரும்பாலும் அந்தப் பத்தியைத் தொட்டே வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நடிகருக்கு ரசிகர்கள் கடிதம் எழுதுவது புரிகிறது. ஆனால் இர்விங்கின் கடிதங்களில் பெரும்பகுதி தொழில் கடிதங்கள் என்று எழுதியிருந்தீர்கள். மேடையில் நடிப்பவருக்கு அத்தனை தொழில் கடிதங்கள் எதற்கு?
— கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இர்விங் வெறும் நடிகராக இருந்திருந்தால் உங்கள் வியப்பு நியாயமானது. 1871-இல் லைசியத்தில் அவர் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தார்; அரங்கு பேட்மன் என்ற அமெரிக்கருடைய பொறுப்பில் இருந்தது. பேட்மன் இறந்த பிறகு அரங்கை நடத்திவந்த அவருடைய மனைவியிடமிருந்து 1878-இல் குத்தகை இர்விங்கின் கைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று 'ஹாம்லெட்' நாடகத்துடன் தம் நிர்வாகத்தைத் தொடங்கினார். அன்று முதல் நாடகத்தைத் தேர்வு செய்பவரும், தலைமை வேடம் ஏற்பவரும், ஒத்திகை நடத்துபவரும், சம்பளம் கொடுப்பவரும், நட்டம் வந்தால் தாங்குபவரும் அவர் ஒருவரே. அரசு மானியம் என்று எதுவும் அன்றைய இங்கிலாந்தில் நாடகத்துக்குக் கிடையாது. இத்தகைய நடிகர்-முதலாளிகள் பலர் இருந்தனர். அவர்களில் இர்விங் தலையாயவர்.

இந்தப் பொறுப்புகள் ஒவ்வொன்றும் கடிதமாகவே நடந்தன. 1888-இல் 'மேக்பெத்' நாடகத்துக்கு இசையமைத்த ஆர்தர் சல்லிவனும், 1895-இல் 'ஆர்தர் மன்னன்' நாடகத்துக்குக் காட்சியும் உடையும் வரைந்த ஓவியர் பர்ன்-ஜோன்ஸும் அரங்கில் சம்பளத்துக்கு இருந்தவர்கள் அல்லர். வெளியில் இருந்துகொண்டு வேலை செய்தவர்கள். வெளியூர் அரங்க முதலாளிகளுடன் தேதி பேச வேண்டும். வசூலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முடிக்க வேண்டும். 1880 பிப்ரவரி 14 அன்று 'வெனிஸ் வணிகன்' நூறாவது முறையாக நடந்து முடிந்ததும், அரங்கின் மேடையிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு விருந்து வைத்தார். அத்தனை பேருக்கும் அழைப்பு போயிருக்கும், பதில் வந்திருக்கும், வர இயலாதவர் வருத்தம் தெரிவித்திருப்பார். இவற்றோடு இலவச அனுமதிச் சீட்டு கேட்டவர்கள், பண உதவி கேட்ட பழைய நடிகர்கள், மேடையேற வாய்ப்புக் கேட்ட இளைஞர்கள், தாம் எழுதிய நாடகத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னவர்கள் என்று நாள்தோறும் கடிதங்கள் குவிந்தன. தொலைபேசி அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லண்டன் நகரத்துக்குள் ஒரே நாளில் தபால் பலமுறை பட்டுவாடா ஆனதால், காலையில் அனுப்பிய கடிதத்துக்கு மாலைக்குள் பதிலை எதிர்பார்ப்பது இயல்பாகவே இருந்தது.

கேள்வி: இர்விங்குக்காகத் தாம் ஐந்து லட்சம் கடிதங்கள் எழுதியதாக அவருடைய மேலாளர் பிராம் ஸ்டோக்கர் கணக்குச் சொன்னார் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். தபால் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: இது நம்பத் தகுந்ததா?
— ஓய்வு பெற்ற தபால் அலுவலர் ஒருவர்

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1878-இன் இறுதியிலிருந்து 1905-இல் இர்விங் இறக்கும் வரை ஸ்டோக்கர் ஏறத்தாழ 27 ஆண்டுகள் அவரிடம் பணியாற்றினார். ஐந்து லட்சத்தை 27-ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 18,500 கடிதங்கள். ஞாயிறு, பண்டிகை, கப்பல் பயணம் எதையும் கழிக்காமல் ஆண்டின் 365 நாளுக்கும் பிரித்தால் நாளுக்கு 50 கடிதங்கள். ஓய்வே இல்லாமல் 27 ஆண்டுகள் நாளுக்கு ஐம்பது என்பது எழுதி மாளாத வேலை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 'இடம் இல்லை', 'நாடகம் பொருந்தவில்லை', 'வியாழக்கிழமை வரலாம்' என்ற அளவிலான மூன்று வரிக் கடிதங்கள் என்பதையும், மேலாளர் சொல்லச் சொல்ல எழுத்தர்கள் எழுதியவற்றையும் அவர் தம் கணக்கில் சேர்த்திருக்கக் கூடும் என்பதையும் நினைத்தால், ஐந்து லட்சம் என்பதை உச்ச அளவாகக் கொள்ளலாமே தவிர வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டோக்கர் நாடகத்துக்கு வருமுன் டப்ளின் கோட்டையில் அரசு எழுத்தராக இருந்தவர். அயர்லாந்தின் சிறு வழக்கு மன்றங்களில் பணிபுரியும் எழுத்தர்களின் கடமைகளைப் பற்றி அவர் தொகுத்த கையேடு 1879-இல், அதாவது லைசியத்தில் சேர்ந்த பிறகு, வெளிவந்தது. கோப்பு, பதிவேடு, அகராதி வரிசை ஆகியவை கைவந்த ஒருவரிடம் அரங்கின் தபால் போய்ச் சேர்ந்தது இர்விங்கின் நல்வாய்ப்பு.

அனுப்பிய கடிதத்துக்குப் படி எடுத்து வைக்கும் முறை எப்படி இருந்தது என்பது உங்களுக்கு ஆர்வமூட்டும். ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற முறை அது. நூறாண்டுக்குப் பிறகும் இங்கிலாந்தின் அலுவலகங்களில் அதுவே வழக்கில் இருந்தது. வெங்காயச் சருகு போல மெல்லிய தாள்களைக் கட்டிய தடித்த புத்தகம் ஒன்று மேசையில் இருக்கும். கடிதத்தைப் படியெடுப்பதற்கென்றே தயாரித்த மையால் எழுதுவார்கள். புத்தகத்தின் ஒரு தாளைத் தூரிகையாலோ ஈரத்துணியாலோ நனைத்து, மேலதிக ஈரத்தை ஒற்றி எடுத்து, எழுதிய கடிதத்தை அதனோடு சேர்த்து, ஈரம் மற்றப் பக்கங்களுக்குப் பரவாதபடி இருபுறமும் எண்ணெய்த் தாளை வைத்துப் புத்தகத்தை மூடுவார்கள். பிறகு இரும்புத் திருகு அழுத்தியில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி இறுக்கிச் சிறிது நேரம் விட்டுவிடுவார்கள். எழுத்து ஈரத்தாளில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போலப் பதியும். தாள் மெல்லியதானதால் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நேராகப் படிக்கலாம். ஈரம் சற்றுக் கூடிவிட்டால் மை ஊறி வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இத்தகைய புத்தகங்களைப் புரட்டும்போது, தெளிவான பத்துப் பக்கங்களுக்குப் பிறகு மேகம் போலக் கலங்கிய ஒரு பக்கத்தைக் கண்டால், அன்று எழுத்தருக்கு என்ன அவசரமோ என்று எண்ணத் தோன்றும்.

கேள்வி: அப்படியானால் இர்விங்கின் பெயர் தாங்கிய ஒரு கடிதத்தை அவரே எழுதினார் என்று எப்படி உறுதி செய்வது? தேதி இல்லாத கடிதங்களை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள்?
— நூலகர் ஒருவர்

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இர்விங்கின் கடிதங்களைத் தொடும் யாரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே.

அவர் கைப்படத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதியவை ஒருவகை. அவருடைய கையெழுத்து படிக்கக் கடினமானது என்று அக்காலத்திலேயே பெயர் பெற்றது. சரளமாகவும் அழகாகவும் ஓடும் நீண்ட கடிதத்தைக் கண்டால் உடனே சந்தேகம் கொள்வது நல்லது. வேறொருவர் எழுதி அவர் கையொப்பம் மட்டும் இட்டவை இரண்டாம் வகை. மேலாளர் தம் பெயரிலேயே, இர்விங் தெரிவிக்கச் சொன்னார் என்று படர்க்கையில் எழுதியவை மூன்றாம் வகை. மிகச் சிக்கலானது நான்காவது: வாசகம் ஒருவருடையது, கை மற்றொருவருடையது. எல். எஃப். ஆஸ்டின் என்ற பத்திரிகையாளர் சில காலம் இர்விங்குக்குச் செயலாளராக இருந்து சொற்பொழிவுகளை எழுதித் தந்தார். ஸ்டோக்கருக்கும் அவருக்கும் அதனால் பூசலும் உண்டு. சொற்பொழிவுகளுக்கு நேர்ந்தது முக்கியமான கடிதங்களுக்கு நேரவில்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு கடிதத்தில் இலக்கிய மேற்கோளும் நயமான வாக்கியமும் இருந்தால் அது இர்விங்கின் உள்ளத்தைக் காட்டுகிறது என்று எழுதிவிடுவது அவசரம். முதிர்ந்த அறிஞர்களே இதில் இடறியிருக்கிறார்கள்.

தேதியைப் பொறுத்தவரை, விக்டோரியா காலத்தவர் நெருங்கியவர்களுக்கு எழுதும்போது 'செவ்வாய்' என்றோ 'வியாழன் இரவு' என்றோ மட்டும் போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். பெறுபவருக்கு அது போதும், நமக்குப் போதாது. முதல் துணை முகவரி. இர்விங் 1872 முதல் 1899 வரை கிராஃப்டன் தெரு 15ஏ என்ற இல்லத்திலும், பிறகு ஸ்ட்ராட்டன் தெரு 17-லும் வாழ்ந்தார். எனவே தாளின் தலைப்பே கடிதத்தை இரண்டு காலப் பகுதிகளில் ஒன்றில் நிறுத்திவிடும். 1895 மே மாதத்தில் வீரத்திருத்தகைப் பட்டம் அறிவிக்கப்பட்டு ஜூலையில் வழங்கப்பட்டது; இங்கிலாந்தில் நடிகர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. ஆகவே அவருக்கு வந்த கடிதத்தில் 'சர் ஹென்றி' என்ற விளி இருந்தால் அது அதற்குப் பிந்தியது. அடுத்து, கிழமையை நாட்காட்டியோடு பொருத்த வேண்டும். 'திங்கள்' என்று மட்டும் போட்ட ஒரு துண்டுத் தாளில் 'பெக்கெட்' நாடகம் இன்றிரவு அரங்கேறுகிறது என்று இருந்தால், அந்நாடகம் லைசியத்தில் அரங்கேறிய 1893 பிப்ரவரி 6 திங்கட்கிழமைதான் என்பதால் கடிதம் தானே தேதி சொல்லிவிடுகிறது. அன்று இர்விங்கின் பிறந்த நாளும் கூட. துக்கம் காக்கும் மாதங்களில் கறுப்பு ஓரமிட்ட தாளில் எழுதுவது வழக்கமாதலால் அந்த ஓரமும் உதவும். உறை கிடைத்தால் தபால் முத்திரையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆனால் உறைகளைத்தான் மக்கள் முதலில் தூக்கி எறிந்தார்கள். உங்கள் நூலகத்துக்குப் பழைய கடிதங்கள் வந்தால் உறையைத் தயவுசெய்து பிரித்து எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: இர்விங்கின் மனைவியைப் பற்றியும் நடிகை எல்லன் டெர்ரியைப் பற்றியும் கடிதங்கள் என்ன சொல்கின்றன?
— இல்லத்தரசி ஒருவர்

பதில்: 1869-இல் ஃப்ளோரன்ஸ் ஓ'கலகனை இர்விங் மணந்தார், இரண்டு மகன்கள் பிறந்தனர். 1871 நவம்பர் 25 இரவு 'மணிகள்' என்ற நாடகம் அவரை ஒரே இரவில் புகழின் உச்சிக்குக் கொண்டுபோயிற்று. வண்டியில் வீடு திரும்பும் வழியில், வாழ்நாள் முழுதும் இப்படியே கோமாளித்தனம் செய்துகொண்டிருக்கப் போகிறீர்களா என்று மனைவி கேட்டதாகவும், ஹைட் பார்க் மூலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தவர் பிறகு அவருடன் பேசவே இல்லை என்றும் குடும்பத்தில் ஒரு செய்தி வழங்கிவந்தது. அவருடைய பேரர் லாரன்ஸ் இர்விங் 1951-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியே அது பரவலாயிற்று. மணவிலக்கு நடக்கவில்லை. பேச்சு நின்றுபோன பிறகும் மகன்கள் இருந்தார்கள், அவர்களுக்கான படிப்புச் செலவும் வாழ்க்கைச் செலவும் இருந்தன. ஆகவே எழுத்து நிற்க முடியவில்லை. ஒரு குடும்பத்தின் துயரம் பணம் அனுப்பும் குறிப்பாகச் சுருங்கிப்போவதைக் காண வருத்தமாக இருக்கிறது. தனிப்பட்ட கடிதம், தொழில் கடிதம் என்று நாம் பிரித்துக் கட்டும் கட்டுகளில் இக்கடிதங்களை எதில் வைப்பது என்று எனக்கே தெளிவு இல்லை.

எல்லன் டெர்ரி 1878 முதல் 1902 வரை, இடைவெளிகளுடன், இர்விங்கோடு நடித்தவர். அவருடைய சம்பளம் ஒரு கட்டத்தில் வாரம் 200 பவுண்டு வரை உயர்ந்தது. இருவருக்கும் இடையில் நட்பையும் கடந்த அன்பு இருந்ததா என்பது இன்றும் விவாதப் பொருள். நாள்தோறும் ஒத்திகையிலும் மேடையிலும் சந்தித்துக்கொள்ளும் இருவர் ஒருவருக்கொருவர் நீண்ட கடிதம் எழுத வேண்டிய தேவை குறைவு. எஞ்சியிருப்பவற்றின் எண்ணிக்கையை வைத்து அன்பின் ஆழத்தை அளக்கப் புறப்படுவது சரியாகாது. டெர்ரிக்கும் பெர்னார்ட் ஷாவுக்கும் இடையிலான கடிதங்களை 1931-இல் நூலாகவே வெளியிட முடிந்தது; அவை பெருகியதற்கு ஒரு காரணம், அக்கடிதங்கள் நிரம்ப ஓடிய ஆண்டுகளில் அவ்விருவரும் நேரில் பழகாமல் இருந்தார்கள் என்பதே.

கேள்வி: ஷாவுக்கும் இர்விங்குக்கும் ஒரு நாடகப் பிரதியைப் பற்றிச் சண்டை என்று படித்தேன். கடிதத்தில் நடந்த சண்டையா?
— நாடகக் குழு ஒன்றின் ஒத்திகைப் பொறுப்பாளர்

பதில்: ஆம், பெரும்பாலும் கடிதத்தில்தான். நெப்போலியனைப் பற்றி ஷா எழுதிய 'விதியின் மனிதன்' என்ற ஓரங்க நாடகம் 1896-இல் இர்விங்கின் கைக்கு வந்தது. ஷாவோ அதே காலத்தில் ஒரு வார இதழில் லைசியத்தின் நாடகங்களைக் கடுமையாக விமர்சித்துக்கொண்டிருந்தவர். நாடகத்தை வாங்கிக்கொண்டால் விமர்சகரின் வாய் அடைபடும் என்று அரங்கம் கருதுகிறதோ என்ற ஐயம் ஷாவுக்கு. தம் நாடகத்துக்கு வழி பண்ணுவதற்காகத்தான் இவர் எழுதுகிறாரோ என்ற ஐயம் மறுபக்கம். அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் இர்விங் நடித்ததைப் பற்றி ஷா எழுதியதில், நடிகர் நிதானத்தில் இல்லை என்ற உட்பொருள் இருப்பதாக அரங்கத்தார் எடுத்துக்கொண்டனர். நாடகம் முடிந்த அன்றிரவே இர்விங் வீட்டுப் படியில் சறுக்கி முழங்காலில் காயம் பட்டு, வாரக்கணக்கில் மேடையேற முடியாமல் போயிற்று. 1897-இல் பிரதி திரும்பிச் சென்றது. நடந்ததையெல்லாம் ஷா அவ்வப்போது எல்லன் டெர்ரிக்கு எழுதிக்கொண்டிருந்ததால், இந்தச் சண்டையில் ஒருவருடைய குரல் உரக்கவும் மற்றவருடைய குரல் தணிந்தும் நமக்குக் கேட்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பிரதி ஒன்று பல்லாண்டு காத்திருந்ததற்கு எதிர்மாறான முடிவும் உண்டு. கவிஞர் டென்னிசன் 1879-இல் 'பெக்கெட்' நாடகத்தை இர்விங்குக்கு அனுப்பினார். மேடையேற்றச் செலவை நினைத்து இர்விங் மறுத்துவிட்டார். 1892-இல்தான் மனம் மாறினார். அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று டென்னிசன் காலமானார். அரங்கேற்றத்தை அவர் காணவில்லை என்றாலும், அந்த நாடகம் இர்விங்கின் இறுதி நாள் வரை அவரோடு வந்தது. 1905 அக்டோபர் 13 அன்று பிராட்ஃபோர்டில் பெக்கெட்டாக நடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பியதும் அவர் உயிர் பிரிந்தது.

கேள்வி: நாடகத்துக்குத் தணிக்கை அனுமதி பெறுவதும் கடிதம் மூலம்தானா?
— சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: ஆம். 1843-ஆம் ஆண்டின் அரங்கச் சட்டப்படி புதிய நாடகத்தின் பிரதியை, நடத்துவதற்கு ஏழு நாளுக்கு முன்பாவது, அரசவையின் லார்டு சேம்பர்லின் அலுவலகத்துக்கு அரங்க முதலாளி கட்டணத்துடன் அனுப்ப வேண்டும். முழு நாடகத்துக்குக் கட்டணம் இரண்டு கினி, அதாவது 2 பவுண்டு 2 ஷில்லிங். விண்ணப்பித்தவர் ஆசிரியர் அல்லர், அரங்கின் தலைவர். எனவே இதுவும் இர்விங்கின் கடிதக் கட்டில் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டை அவர் எதிர்க்கவில்லை. 1892-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் தணிக்கைக்கு ஆதரவாகவே சாட்சியம் அளித்தார். அந்தத் தணிக்கை 1968 வரை நீடித்தது. அனுப்பப்பட்ட பிரதிகளின் பெருந்தொகுதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்கப் பயணங்களின்போது லண்டனோடு எப்படித் தொடர்பு வைத்துக்கொண்டார்?
— பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: முதல் பயணம் 1883 அக்டோபரில் 'பிரிட்டானிக்' கப்பலில் தொடங்கியது, மொத்தம் எட்டு முறை சென்றார். கடிதம் அட்லாண்டிக்கைக் கடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பதிலையும் சேர்த்தால் மூன்று வாரம் வரை போய்விடும். அவசரத்துக்குக் கடலடித் தந்தி இருந்தது. 1866-இல் அது நிலைபெற்றபோது 20 சொற்களுக்கு 20 பவுண்டு வாங்கினார்கள். பின்னாளில் அது மிகவும் இறங்கியது. இங்கிலாந்துக்கு உள்ளேயோ 1885 முதல் 12 சொற்களுக்கு ஆறு பென்ஸ் போதும். ஆனால் முகவரியில் உள்ள சொற்களையும் எண்ணுவார்கள். எனவே தந்திகளில் வணக்கமும் நலம் விசாரிப்பும் உதிர்ந்துபோயின. தந்தியின் வறட்சியைப் பார்த்து இவர்களுக்குள் ஏதோ மனக்கசப்பு என்று முடிவு கட்டுபவர்களை நான் கண்டிருக்கிறேன்; அது காசை மிச்சப்படுத்திய சுருக்கம், அவ்வளவே.

கேள்வி: விலைப்பட்டியல், காப்பீடு, குத்தகை பற்றிய கடிதங்களைப் படிப்பது சலிப்பாக இருக்காதா? இவற்றைப் பாதுகாத்து என்ன பயன்?
— வங்கி ஊழியர் ஒருவர்

பதில்: எனக்குச் சலிப்பதில்லை, ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் உங்களுக்கும் சலிக்காது என்று நம்புகிறேன்.

1898 பிப்ரவரி 18 விடியற்காலையில், லைசியத்தின் காட்சித் திரைகளையும் மேடைப் பொருள்களையும் வைத்திருந்த சதர்க் பகுதிக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. 44 நாடகங்களுக்கு உரிய திரைகள் சாம்பலாயின. ஹாஸ் கிரேவன், ஜோசப் ஹார்க்கர் போன்ற தேர்ந்த ஓவியர்கள் அந்த அரங்குக்காகப் பல ஆண்டுகள் வரைந்தவர்கள். தயாரிக்க முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் செலவானவற்றுக்குக் காப்பீடு 6,000 பவுண்டுக்கு மட்டுமே இருந்தது. அதற்குச் சற்று முன்னர்தான், செலவைக் குறைக்கும் எண்ணத்தில், காப்பீட்டுத் தொகையை 10,000 பவுண்டிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

நட்டம் பணத்தோடு நிற்கவில்லை. பழைய வெற்றி நாடகங்களின் திரைகள் கையில் இருந்தவரை, புதிய நாடகம் ஒன்று தோற்றால் அடுத்த வாரமே 'வெனிஸ் வணிகனை' மேடையேற்றி வசூலைச் சரிக்கட்டிவிடலாம். வெளியூர்ப் பயணத்துக்கும் அவையே மூலதனம். ஒரே காலையில் அந்தப் பிடிமானம் போயிற்று. அவ்வாண்டு இறுதியில் கிளாஸ்கோவில் மார்புச் சளி அழற்சியால் இர்விங் படுத்தார். 1899-இல் அரங்கை ஒரு கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தீப்பாதுகாப்புக்காகக் கட்டடத்தில் மாற்றங்கள் செய்யும்படி லண்டன் கவுண்டி மன்றம் வற்புறுத்தியபோது அந்த நிறுவனத்தால் செலவைத் தாங்க முடியவில்லை. 1902 ஜூலை 19 அன்று இர்விங்கும் டெர்ரியும் லைசியத்தில் கடைசியாக நடித்தார்கள்.

பெரும் நடிகர் முதுமையில் அரங்கை இழந்தார் என்ற ஒரு வரியை எந்த நூலிலும் படிக்கலாம். காப்பீட்டை நாலாயிரம் பவுண்டு குறைத்த சிறு முடிவு அந்த இழப்பின் வேரில் இருக்கிறது என்பதை நமக்குக் காட்டுவது கணக்கும் கடிதமும் மட்டுமே. காதல் கடிதங்களுக்கு ஏலத்தில் எப்போதும் விலை உண்டு. யாராவது வாங்கிப் பத்திரப்படுத்துவார்கள். தச்சருக்கும் எரிவாயு நிறுவனத்துக்கும் எழுதிய கடிதத்தைக் காப்பாற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். தச்சர் கேட்ட கூலியும், ஓவியருக்குப் போன துணியின் அளவும், எத்தனை நாளில் வேலை முடிய வேண்டும் என்ற நெருக்கடியும் அவற்றில்தான் இருக்கின்றன. மேடையில் கண்ட அற்புதம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை நடிகரின் நினைவுக் குறிப்புகளைவிட அவை நம்பகமாகச் சொல்லும்.

கேள்வி: இங்கிலாந்தில் ஏலத்தில் ஒருவர் இர்விங்கின் கடிதத்தை வாங்கினால், அதை அச்சிடும் உரிமையும் அவருக்கு வந்துவிடுமா?
— பதிப்பகம் ஒன்றில் பணியாற்றுபவர்

பதில்: வராது. தாள் பெற்றவருக்கு, சொல் எழுதியவருக்கு என்ற கோட்பாட்டை, கவிஞர் போப் தம் கடிதங்களை அச்சிட்ட கர்ல் என்ற பதிப்பாளர் மீது தொடுத்த வழக்கில் 1741-இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்துவிட்டது. எழுதியவருக்குப் பிறகு அவ்வுரிமை வாரிசுகளைச் சேரும். அச்சேறாத எழுத்துக்கு முற்காலத்தில் முடிவே இல்லாத பாதுகாப்பு இருந்தது. 1989 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதற்கு எல்லை வகுத்தது. அந்நாள் வரை வெளிவராதிருந்த இர்விங்கின் கடிதம் ஒன்றுக்குப் பிரிட்டனில் 2039 இறுதிவரை பதிப்புரிமை உண்டு. 1905-இல் இறந்தவருடைய எழுத்துதானே என்று எண்ணி அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டோக்கர் வாசகம் அமைத்து இர்விங் கையொப்பமிட்ட கடிதத்துக்கு உரிமையாளர் யார் என்று நீங்கள் கேட்டால், மேலே நூலகருக்குச் சொன்ன பதிலிலிருந்தே தொடங்க வேண்டும்.

கேள்வி: இக்கடிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?
— ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: ஒரே இடத்தில் இல்லை. 1905 டிசம்பரில் இர்விங்கின் உடைமைகள் கிறிஸ்டி ஏல நிறுவனத்தில் விற்பனையாகிச் சிதறின. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நாடகப் பிரிவில் ஒரு பெருந்தொகுதி உள்ளது. ஸ்டோக்கரிடம் சேர்ந்திருந்தவற்றில் ஒரு பகுதி லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிராதர்டன் நூலகத்திலும், லைசியம் தொடர்பான ஆவணங்கள் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த இல்ல அறக்கட்டளையிலும் உள்ளன. எல்லன் டெர்ரியின் உடைமைகளைக் காண கென்ட் மாவட்டத்தில் ஸ்மால்ஹைத் இல்லத்துக்குச் செல்ல வேண்டும். வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்தையும் ஹார்வர்டையும் விட்டுவிடக் கூடாது. மற்றொரு நடிகர்-முதலாளியான பீர்போம் ட்ரீயின் ஆவணங்களோடு ஒப்பிட விரும்பினால் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நாடகத் தொகுப்பு உதவும்.

கேள்வி: இத்தனை கடிதங்களில் ஒன்றை மட்டும் நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எதைக் கேட்பீர்கள்?
— நெடுநாள் வாசகர் ஒருவர்

பதில்: கடிதத்தைக் கேட்க மாட்டேன்; ஒரு புகைப்படத்தில் எழுதிய குறிப்பைக் கேட்பேன். 1876 டிசம்பரில் இர்விங் டப்ளினுக்கு வந்திருந்தபோது, அங்கே அரசு எழுத்தராக இருந்துகொண்டு பத்திரிகைக்கு நாடக விமர்சனமும் எழுதிவந்த ஸ்டோக்கரை விருந்துக்கு அழைத்தார். விருந்துக்குப் பின், கொலைகாரன் ஒருவனின் மனச்சான்றைப் பற்றிய 'யூஜீன் ஆரமின் கனவு' என்ற கவிதையை நடித்துக் காட்டிவிட்டுச் சோர்ந்து விழுந்தார். கேட்டுக்கொண்டிருந்த ஸ்டோக்கரும் நிலைகுலைந்துபோனார். சற்றுத் தேறிய இர்விங் உள்ளே போய்த் தம் புகைப்படம் ஒன்றில் எழுதி எடுத்துவந்து கொடுத்தார். பின்னாளில் அவர் பெயரில் போன எண்ணற்ற கடிதங்களை எழுதப் போகிறவருக்கு, வேறு யாருடைய துணையும் இல்லாமல் அவரே தம் கைப்பட எழுதியது அது. 'அன்பு நண்பர் ஸ்டோக்கர்' என்ற விளி; அடுத்து, கடவுள் உம்மை ஆசீர்வதிப்பாராக என்ற வாழ்த்து இரண்டு முறை; பிறகு பெயர், டப்ளின், 1876 டிசம்பர் 3 என்ற தேதி. முதல் வாழ்த்தின் முடிவில் ஒரு வியப்புக்குறி இட்டிருக்கிறார். இரண்டாவதன் முடிவில் இரண்டு.